கிளிப்பச்சைப் பட்டையும் சும்மா இராத கையும்

தாமிரபரணியில் என் கை கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை மறப்பதற்கு எனக்கு மூன்று வருடங்களும், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓடும் டெஷூட்ஸ் ஆற்றில் நான்கு நல்ல மீன்களும் செலவாயின.

தக்கை அமுங்கினால் வெட்டு. இதுதான் அந்தப் பாடம். சித்தப்பா சொல்லிக்கொடுத்தது. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை துள்ளி அமுங்கும் அந்த நொடியில் மணிக்கட்டைச் சுண்டி மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கெளிறு புழுவை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. பத்து வயதில் படிந்த அந்தச் சுண்டல் நாற்பது வயதிலும் மணிக்கட்டிலேயே குடியிருந்தது. மூளைக்குத் தெரியாமல் கை தானாகவே செய்துவிடும்.

டெஷூட்ஸ் ஆற்றுக்கு நான் முதலில் போனது மீன்பிடிக்க அல்ல. போர்ட்லாண்ட் பக்கத்தில் வேலை. ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மாபின் என்ற சிற்றூருக்கு ரப்பர் படகுச் சவாரிக்காகப் போயிருந்தோம். அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் ஷெரார்ஸ் அருவி. பாறை விளிம்பில் மரச் சாரம் கட்டி, இடுப்பில் கயிறு பிணைத்துக்கொண்டு, நீண்ட காம்புள்ள வலையால் நுரைக்குள் துழாவிக்கொண்டிருந்தார்கள் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்கள். 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமாக மீன்பிடித்து வந்த இடங்களில் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் சில மைல் கீழே, தொடையளவு நீரில் ஒருவர் தன்னைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள கோலை இரண்டு கையாலும் சுழற்றி, ஒரு துண்டு மயிரும் இறகும் கட்டிய முள்ளை எதிர்க்கரை நோக்கி எறிந்துகொண்டிருந்தார். இரை இல்லை, தக்கை இல்லை, நாங்கள் பார்த்தவரை மீனும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் அலுப்பும் இல்லை. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவர் தேடியது ஸ்டீல்ஹெட். வானவில் டிரவுட் என்று சொல்லப்படும் ஆற்று மீனின் இனம்தான், ஆனால் கடலுக்குப் போய் வருவது. ஆற்றில் பிறந்து, சில வருடம் குஞ்சாக அங்கேயே வளர்ந்து, பசிபிக் கடலில் இறங்கி, ஒன்றிரண்டு வருடம் தின்று பெருத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்புகிறது. டெஷூட்ஸின் முகத்துவாரத்தை எட்டுவதற்கு மட்டும் அது கொலம்பியா ஆற்றில் 300 கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சல் போட வேண்டும். வழியில் பானவில், த டேல்ஸ் என்ற இரண்டு அணைகளின் மீன்படிகளில் ஏற வேண்டும். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல. பிழைத்தால் கடலுக்குத் திரும்பி மறுபடியும் வரக்கூடியது. ஆற்றுக்குள் வந்த பிறகு அது பெரும்பாலும் இரை தேடுவதில்லை. அப்படியிருந்தும் எதற்காகச் சில நேரம் மயிர்க்கட்டை எட்டிக் கடிக்கிறது என்பதில் ஆற்றங்கரை வாதங்கள் ஓய்ந்தபாடில்லை. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் முதல் வருடத்தில் அந்தக் கணக்கே சலுகை விலையாகத் தெரிந்தது.

சாமான் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் புதியவர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். நானும் கொட்டினேன். ஒரு கடையில் எனக்கு விற்றது கனமான, மூழ்கும் லைன், அதாவது வீசுவதற்கான கயிறு. குளிர்கால வெள்ளத்துக்கு அது சரி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை டெஷூட்ஸுக்கு வரும் கோடை மீன் மேலே எழும்பி வந்து கடிக்கும். மிதக்கும் லைன், 13 அடிக்குச் சற்றுக் குறைவான ஏழாம் எண் இரட்டைக்கைக் கோல், கோலின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட லீடர் என்னும் மெல்லிய இணைப்பு நரம்பு, நுனியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு தாங்கும் நரம்பு. இவ்வளவு போதும். மார்பு வரை வரும் நீர்புகா உடைக்கு இங்கே வேடர்ஸ் என்று பெயர். தமிழில் எழுதிப் பார்த்தபோது, மீன் கிடைக்காவிட்டாலும் வேட்டைக்காரப் பட்டமாவது கிடைத்ததே என்று தேற்றிக்கொண்டேன்.

இனி முள்ளில் கட்டுவதைப் பற்றி. மயிரும் இறகும் கட்டிய அந்த முள்ளுக்கு ஃப்ளை என்று பெயர். அதை ஈ என்று மொழிபெயர்த்தால் கதை கெட்டுவிடும். ஸ்டீல்ஹெட்டுக்குக் கட்டுபவை பெரும்பாலும் எந்த ஈயையும் போலிருக்காது, இருக்கவும் தேவையில்லை. என் பெட்டியில் இன்று பதினான்கு இருக்கின்றன. அதில் பதினொன்று ஒரே மாதிரி: கிரீன் பட் ஸ்கங்க். ஸ்கங்க் என்பது வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சும், வெள்ளைக்கோடு போட்ட கறுப்புப் பிராணி. அந்த நிறங்களில் கட்டுவதால் இந்தப் பெயர். நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு வீடு திரும்புவதையும் இங்கே ஸ்கங்க் ஆவது என்றுதான் சொல்வார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

கறுப்பு உடல். அதன்மேல் சுருள் சுருளாக ஏறும் வெள்ளி இழை. பின்னால் சிவப்பு இறகில் சிறு வால். கழுத்தில் கறுப்புக் கோழியிறகு, முதுகில் வெள்ளை மயிர் இறக்கை. இது பழைய ஸ்கங்க். வாலுக்கும் உடலுக்கும் நடுவே, கண்ணைக் குத்தும் கிளிப்பச்சையில் ஒரு பட்டை சுற்றினால் கிரீன் பட். பச்சையைச் சேர்த்த பெருமையை ஆரிகன் வழக்கறிஞரும், நார்த் அம்ப்குவா ஆற்றைப் படம்பிடித்தவருமான டான் கலாஹனுக்குத் தருகிறார்கள். இருள் பிரியாத நேரத்தில் கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்குக் கறுப்புதான் வானத்தின் முன்னால் திட்டமாகத் தெரியும் என்கிறார்கள், அதை நம்புகிறேன். பச்சை எதற்கு என்று கேட்டால், எனக்காக என்பேன். அந்த நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாம்பழக்கரை வைத்த ஒரு பாவாடை நினைவுக்கு வருகிறது. பிடித்த நிறம் முள்ளில் இருந்தால் அதை அவிழ்த்து வேறொன்றைக் கட்டத் தோன்றாது. முதல் வருடத்தில் மணிக்கொரு ஃப்ளை மாற்றினேன். மாற்றும் நேரமெல்லாம் முள் தண்ணீரில் இல்லாத நேரம் என்பது மிகத் தாமதமாகத்தான் உறைத்தது.

கட்டுவதில் நான் செய்த தவறுகளைச் சொல்ல வெட்கமில்லை. முதலில் கட்டியவை குண்டு குண்டாக, சாந்துப்பொட்டு டப்பாவில் விழுந்த கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தன. இறக்கை அடர்ந்தால் ஓட்டத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து மேலே வந்துவிடும். இப்போது வெள்ளை மயிரை எடுத்து, பாதியைத் திரும்ப வைத்து, மீதியிலும் கொஞ்சம் பிடுங்கிப் போடுகிறேன். அம்மாவின் பழைய பட்டுப்புடவைக் கரையிலிருந்து உருவிய ஜரிகையை ஒருமுறை சுற்றினேன். நாலு வீச்சில் அவிழ்ந்து தோரணமாகத் தொங்கியது. இதற்கென்று விற்கும், நூலின் மேல் சுற்றிய வெள்ளி இழையே பத்திரம். எல்லாவற்றையும்விட முக்கியம், முள்ளின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு சுற்றுக்கு இடம் விடுவது. நூலும் பசையும் அந்தக் கண்ணை அடைத்துவிட்டால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தலைவிளக்கு வெளிச்சத்தில், வெள்ளெழுத்துக் கண்ணோடு நரம்பைக் கோத்துப் பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்குவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஆற்றில் கை விறைத்திருக்கும்.

சரி, அந்த நான்கு மீன்கள்.

ஸ்டீல்ஹெட்டுக்கு வீசும் முறை எளிது. ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீச வேண்டும். ஓட்டம் லைனை இழுக்க, ஃப்ளை ஒரு வில் வளைவில் நகர்ந்து நமக்கு நேர் கீழே கரையோரம் வந்து நிற்கும். இரண்டடி கீழே நகர்ந்து மறுபடியும் வீச்சு. லைன் எப்போதும் இறுக்கமாக இருப்பதால் மீன் தொட்டால் கைக்குத் தெரியும். முதலில் ஒரு தட்டல். பிறகு ஒரு கனம். என் கை என்ன செய்யும்? வெட்டும். நான்கு முறையும் வெட்டியது. நான்கு முறையும் ஃப்ளை காற்றில் பறந்து வந்து என் தொப்பியருகே விழுந்தது. நான்காவது மீன் தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிவிட்டுப் போனது. நான் கெட்ட வார்த்தையைத் தமிழில் சொன்னேன். ஆற்றில் வேறு யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

மேல்மடையில் நின்றிருந்த ஒரு பெரியவருக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டியவர். என்னருகே வந்து, நீ டிரவுட் பிடித்துப் பழகியவனா என்று கேட்டார். கெளிறு என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். மீன் பின்னாலிருந்து வருகிறது, நீ மேலே நிற்கிறாய், வாயைத் திறந்திருக்கும்போதே நீ தூக்கினால் முள் எங்கே போகும் என்று கேட்டார். பிறகு அவர் சொன்னது இதுதான்: இடது கையைப் பைக்குள் விடு. அது வெளியே வரக்கூடாது. ரீல் (லைன் சுற்றிய சக்கரம்) கத்தும் வரை நீ இங்கே இல்லை.

அதன் பொறிமுறையைப் பிறகு நானே யோசித்துப் புரிந்துகொண்டேன். ஸ்டீல்ஹெட் ஃப்ளையைக் கவ்வியதும் தான் படுத்திருந்த இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அது திரும்பும்போது, ஓட்டத்தில் வளைந்து கிடக்கும் லைனே முள்ளைப் பக்கவாட்டில் இழுத்துத் தாடையின் மூலையில் பதிய வைக்கும். நாம் கோலைத் தூக்கினால் அந்த வேலையைக் கெடுக்கிறோம், அவ்வளவுதான். அதனால் ரீலின் பிடிமானத்தை லேசாக வைத்து, லைனை விரலால் அழுத்தாமல், கோல் நுனியைத் தாழ்த்தி, மீனே ரீலிலிருந்து உருவிக்கொண்டு போகட்டும் என்று விட வேண்டும். ரீல் இடைவிடாமல் சுற்றத் தொடங்கிய பிறகு, கோலை மேலே அல்ல, கரைப்பக்கமாக மெல்லச் சாய்த்தால் போதும். சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கடினமான காரியம் என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாரும் மீன்பிடித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெரியவர் என் கால்களையும் திருத்தினார். நான் வந்ததும் நேராக இடுப்பளவு நீருக்குள் இறங்கிவிடுவேன். ஆழத்தில்தானே பெரிய மீன் என்ற எண்ணம். விடியற்காலையில் மீன் முழங்கால் ஆழத்தில், கரையை ஒட்டி, பானையளவு கற்களுக்கு நடுவில் படுத்திருக்கும். நான் தினமும் மீனை மிதித்து விரட்டிவிட்டு ஆழத்தில் வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது நனைவது கணுக்கால்தான். முதல் வீச்சு பதினைந்து அடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறேன். எந்த நீர் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு, கரையோரம் நிதானமாக நடக்கும் ஒரு மனிதனின் வேகம். அதைவிட வேகமென்றால் மீன் தங்காது. மெதுவென்றால் ஃப்ளை செத்துப் போகும்.

இன்னொன்று, வெயில். டெஷூட்ஸ் எரிமலைப் பாறைப் பள்ளத்தாக்கில் வடக்கு நோக்கி ஓடுகிறது. காலையில் கிழக்குச் சுவரின் நிழல் நெடுநேரம் தண்ணீரில் கிடக்கும். அந்த நிழல் எந்த வளைவில் கடைசியாக விலகுகிறது என்று வரைந்து வைத்த ஒரு குறிப்பேடு, என்னிடமுள்ள எல்லாச் சாமான்களையும்விட விலை மதிப்பானது. மதியத்துக்குப் பிறகு கொலம்பியா பக்கமிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும். அதோடு மல்லுக்கு நின்று முள்ளைச் சொந்தக் காதில் குத்திக்கொண்டவர்கள் உண்டு. நான் அந்த நேரத்தில் மரநிழலில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன்.

முதல் மீன் மூன்றாவது வருடம், செப்டம்பர் கடைசியில் வந்தது. மேக்ஸ் கேன்யனுக்கு மேலே, ஆல்டர் மரங்கள் தண்ணீர்மேல் கவிந்த ஒரு திருப்பம். வெளிச்சம் வந்தும் வராத நேரம். இடது கை பைக்குள், கார் சாவியை இறுகப் பிடித்தபடி. ஃப்ளை வளைவின் கடைசிப் பகுதியில் இருந்தபோது தட்டல். சாவி உள்ளங்கையில் அழுந்தியது. இன்னொரு தட்டல். ரீலில் இரண்டு பல் மட்டும் நகர்ந்து நின்றது. எனக்கு வாந்தி வரும் போலிருந்தது. பிறகு ரீல் ஒரே மூச்சில் கத்தியது, எதிர்க்கரையோரம் ஒரு வெள்ளித் துண்டு மேலே எழும்பி விழுந்தது. அதுவும் என் மீனும் ஒன்றுதான் என்று புரிய ஒரு நொடி ஆனது. லைன் ஒரு பக்கம் போக, மீன் வேறொரு பக்கம் துள்ளியிருந்தது. பத்து நிமிடம் இருக்கலாம். கரையோர நீரில் அதைத் திருப்பிப் பிடித்தபோது 26 அங்குலம். வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு முழுசாக இருந்தது. பண்ணையில் வளர்த்து விடப்படும் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். முழுசாக இருந்தால் காட்டு மீன், திரும்ப விட்டுவிட வேண்டும். தாடை மூலையில் என் ஸ்கங்க், பாதி இறக்கையை இழந்து நின்றது. மீனின் தலையைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிரே நிறுத்தினேன். அது கைக்குள் ஒருமுறை இறுகியது, பிறகு இல்லை.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீளம் கேட்டாள், எடை கேட்டாள், குழம்பு வைத்தாயா வறுத்தாயா என்று கேட்டாள். விட்டுவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்புறம் எதற்கடா அவ்வளவு தூரம் போகிறாய்?" இதற்கு நல்ல பதில் என்னிடம் இன்றுவரை இல்லை. விளையாட்டுக்காக ஓர் உயிரைக் களைக்க வைப்பது எனக்கு முழுதாகச் சமாதானமான காரியமும் அல்ல. அதனால் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறேன். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கோலை மடக்கிவிடுவேன். சூடேறிய நீரில் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வேடர்ஸ் பையில் ஒரு வெப்பமானி எப்போதும் இருக்கும். 2021இல் மீன் வரத்து படுமோசமாகி, டெஷூட்ஸில் செப்டம்பர் முதல் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே மூடினார்கள். நார்த் அம்ப்குவாவும் மூடப்பட்டது. அந்த இலையுதிர் காலம் முழுக்க வீட்டு மேசையில் ஸ்கங்க் கட்டினேன். பானவில் அணையில் மீன்படியேறும் மீன்களை எண்ணி வெளியிடுவதைத் தினமும் பார்ப்பது, ஊரில் அணை நீர்மட்டம் பார்ப்பது போன்ற பழக்கமாகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, மீன் தட்டிவிட்டுக் கவ்வாமல் போனால் காலை நகர்த்தாதீர்கள். லைனின் நீளத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு நிமிடம் எண்ணுங்கள். அதே வீச்சை அதே இடத்தில் விடுங்கள். வரவில்லையென்றால் அதே ஃப்ளை, ஒரு அளவு சிறியது, இன்னும் மெலிந்தது. என் பெட்டியில் இருக்கும் பதினொன்றும் பதினொரு விதமான பருமனில் இருப்பதற்கு இதுவே காரணம், நான் சீராகக் கட்டத் தெரியாதவன் என்பதும் ஒரு காரணம். இப்படி மறுபடி கேட்டு வாங்கிய மீன்கள் இதுவரை மூன்று.

இரண்டாவது, விழுவது. டெஷூட்ஸின் அடிக்கற்கள் எண்ணெய் தடவிய அம்மிக் குழவிகள். ஒரு அக்டோபரில், யாரோ ஒருவர் எனக்குக் கீழே இறங்கி நின்றுவிடுவாரோ என்ற அவசரத்தில், ஊன்றுகோல் இல்லாமல் குறுக்கே நடந்தேன். இங்கே மேலிருந்து தொடங்கிக் கீழே நகர்ந்துகொண்டிருப்பவருக்கு முன்னால் இறங்குவது பெரிய அநாகரிகம், வரிசையில் புகுந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஆனால் அன்று யாரும் வரவில்லை. நான்தான் போனேன், முப்பது அடி, மல்லாந்தபடி, காலை முன்னால் நீட்டிக்கொண்டு. இடுப்பு வார் இறுக்கமாக இருந்ததால் வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறையவில்லை. அன்றிலிருந்து கோலை மறந்தாலும் ஊன்றுகோலை மறப்பதில்லை. வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

போன அக்டோபரில் அதே ஆல்டர் திருப்பத்தில் நின்றிருந்தேன். எதிர்ச்சுவரில் கொம்பு சுருண்ட காட்டுச் செம்மறிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணுவதற்காக இடது கையைப் பையிலிருந்து எடுத்திருந்தேன். ஏழு, எட்டு. ஃப்ளை நேர் கீழே வந்து தொங்கி நின்ற நேரம், லைனில் கனம் ஏறியது. இதுவரை பார்த்ததிலேயே பெரிய முதுகு ஒன்று தண்ணீரைப் புடைத்துக்கொண்டு திரும்பியது.

வெட்டினேன்.

ஃப்ளை ஆல்டர் கிளையில் போய்ச் சிக்கியது. எட்டி எடுத்துப் பார்த்தபோது கிளிப்பச்சைப் பட்டை பாதி அவிழ்ந்திருந்தது. அவிழ்ந்த நூலை நாக்கில் நனைத்து ஒட்டிவிட்டு, இடது கையைத் திரும்பப் பைக்குள் விட்டு, இரண்டு நிமிடம் எண்ணத் தொடங்கினேன்.